வீதைவான்

வீதைவான் என்பது தைவானில் சட்டமோ விதியோ வகுக்குமுன் பொதுமக்கள், அதிகாரிகள், தொழில்துறையினர் ஆகியோரின் கருத்தை இணையவழி திரட்டி உடன்பாடு காணும் முறை. 2015இல் தொடங்கப்பட்டது.

இதன் வேர் 2012இல் நிரலாளர்கள் கூடி அமைத்த ‘கவ்ஜீரோ’ குழுவில் உள்ளது. அரசு வரவுசெலவுக் கணக்கைச் சாமானியருக்கும் விளங்கும் படங்களாக்கியது இவர்களின் முதல் பணி. அரசு இணையமுகவரியில் ஓர் எழுத்தை மாற்றினால் இவர்களின் மாற்றுத்தளம் திறக்கும்.

2014 மார்ச் 18 இரவு, சீனாவுடனான சேவை வணிக ஒப்பந்தத்தை முறையாக விவாதிக்காமல் நிறைவேற்ற முயன்றதை எதிர்த்து மாணவர்கள் தைப்பேயில் நாடாளுமன்றத்துக்குள் புகுந்தனர். ஏப்ரல் 10 வரை நீடித்த அந்த எழுச்சிக்குச் சூரியகாந்தி இயக்கம் என்று பெயர். கவ்ஜீரோ தன்னார்வலர்கள் இணையக் கம்பிகளை இழுத்து, அவைக்குள் நடந்ததை நேரலையாக்கினர். வதந்தி பரவ இடம் குறைந்தது. இத்தன்னார்வலர்களுள் ஆட்ரி டாங்கும் ஒருவர். மக்கள் நம்பிக்கையை இழந்துவிட்டதை உணர்ந்த அரசின் சார்பில் அமைச்சர் ஜாக்லின் சாய் அவ்வாண்டு டிசம்பரில் கவ்ஜீரோ கூட்டத்துக்கே வந்து, கலந்தாய்வுத் தளம் ஒன்றை அமைத்துத் தரக் கேட்டார்.

அப்படி உருவான வீதைவான் தளத்தின் உயிர்நாடி சியாட்டிலில் உருவான ‘போலிஸ்’ மென்பொருள். ஒருவர் தம் கருத்தை ஓரிரு வரியில் எழுதுவார். மற்றவர்கள் ‘ஏற்கிறேன்’, ‘மறுக்கிறேன்’, ‘கடக்கிறேன்’ என்ற மூன்றில் ஒன்றைத் தெரிவு செய்யலாம். பதில் எழுத வழியே கிடையாது. அதனால் வசைக்கும் வாய்ச்சண்டைக்கும் இடமில்லை. ஒரே மாதிரி வாக்களிப்போரை மென்பொருள் குழுக்களாக்கி வரைபடமாகக் காட்டும். எதிரெதிர்க் குழுக்கள் இரண்டும் ஏற்கும் கருத்து எதுவென்று பங்கேற்பவர் கண்முன்னே தெரிந்துவிடும்.

2015இல் செயலிவழி டாக்சி சேவையான ஊபர் பற்றிய சிக்கல் இதில் அலசப்பட்டது. ஊபரை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் முதலில் இரு துருவங்களாக நின்றனர். ஆனால் பயணிக்குக் காப்பீடு வேண்டும், ஓட்டுநர் முறையாகப் பதிவு செய்ய வேண்டும் என்பவற்றில் இரு தரப்பும் ஒத்துப்போயின. பின்னர் அதிகாரிகள், ஊபர் நிறுவனத்தார், டாக்சி சங்கத்தார் நேருக்கு நேர் பேசிய கூட்டமும் நேரலையானது. 2016இல் வந்த புதிய விதி, மஞ்சள் வண்ணம் பூசாத டாக்சிகளும் செயலிவழி ஓட அனுமதித்தது.

டாங் 2016இல் அமைச்சரானார். 2022இல் எண்ணியல் துறையின் முதலாவது அமைச்சராகவும் பொறுப்பேற்றார். வீதைவானின் முடிவு அரசைக் கட்டுப்படுத்தாது. 2018க்குப் பின் கலந்தாய்வுகள் குறைந்தன. மக்கள் மனுக்களுக்கு அரசின் ‘ஜாயின்’ என்ற வேறொரு தளம் உண்டு. 2023இல் செயற்கை நுண்ணறிவை நெறிப்படுத்துவது பற்றிய கலந்தாய்வில் தன்னார்வலர்கள் இறங்கினர்.