கோடையில் வெயிலில் உழைப்போருக்கான அன்றாட நேர ஒழுங்கு

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் கரும்பு வெட்டுதல், நிலக்கடலை பறித்தல், மரக்காணம் உப்பளங்களில் உப்பு வாருதல், கட்டட வேலை ஆகியவை பெரும்பாலும் திறந்த வெயிலில் நடைபெறுகின்றன. வேலையின் அளவுக்கேற்பக் கூலி கிடைக்கும் இடத்தில் ஓய்வு நட்டமாகத் தோன்றும். ஆனால் உடல் சூடேறிய பின் கை தளரும், கவனம் சிதறும், காயங்கள் நேரும். நேரத்தை முன்கூட்டியே ஒழுங்குபடுத்திக்கொண்டால் குறைந்த களைப்பில் அதே வேலையை முடிக்கலாம்.

உடலில் நிகழ்வது என்ன?

உழைக்கும்போது தசைகளில் வெப்பம் உண்டாகிறது. வியர்வை ஆவியாகி அதனைத் தணிக்கிறது. கடலோர ஈரக்காற்றில் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. நீரிழப்பு மிகுந்தால் சிறுநீரகங்களுக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. இது அடிக்கடி நேர்ந்தால் சிறுநீரகங்கள் நிலையாகப் பாதிக்கப்படலாம்.

நேரத்தை அமைத்துக்கொள்ளும் முறை

• இரவு: கருவிகளையும் குடிநீரையும் எடுத்து வைத்துவிட்டு முன்னதாக உறங்குங்கள். மது அருந்தாதீர்கள், அது நீரிழப்பை மிகுவிக்கும்.
• காலை: கூழோ பழைய சோறோ உண்ட பின்னரே புறப்படுங்கள். கடினமான வேலையை விடியற்பொழுதில் தொடங்கி 11 மணிக்குள் முடிக்க முயலுங்கள்.
• நண்பகல்: 12 முதல் 3 மணி வரை நிழலில் இருங்கள். அரிவாள் தீட்டுதல், கடலை ஆய்தல் போன்ற வேலைகளை இந்நேரத்திற்கு ஒதுக்குங்கள்.
• குடிநீர்: தாகத்திற்குக் காத்திராமல் 15 முதல் 20 நிமிடத்திற்கு ஒருமுறை ஒரு குவளை அருந்துங்கள். ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டருக்கு மேல் வேண்டா.
• புதிதாக வேலைக்கு வருவோர்: முதல் நாள் வழக்கமான வேலை நேரத்தில் 20 விழுக்காடு மட்டும் வெயிலில் உழையுங்கள், பின்னர் நாள்தோறும் 20 விழுக்காடு கூட்டுங்கள்.

பெண்களின் கவனத்திற்கு

வேலையிடத்தில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் பலர் நாள் முழுவதும் தண்ணீர் அருந்துவதைத் தவிர்க்கின்றனர். இதனால் சிறுநீர்த் தொற்றும் கடுப்பும் ஏற்படுகின்றன. சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் நீங்கள் அருந்திய நீர் போதவில்லை என்று அறியுங்கள். மறைவான கழிப்பிடமும் நிழற்பந்தலும் அமைத்துத் தருவது வேலை தருவோரின் பொறுப்பாகும். குழுவாகச் சென்று கேளுங்கள்.

இரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளவர்கள்

மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். சில மாத்திரைகள் சிறுநீரை மிகுவிப்பதால், கோடைக்கு முன்பே மருத்துவரைக் கலந்தாலோசியுங்கள். 2021 முதல் செயல்படும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் இந்நோய்களுக்கான மாத்திரைகள் வீட்டிற்கே வழங்கப்படுகின்றன. அதற்காக ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியதில்லை.

உடனடி உதவி தேவைப்படும் அறிகுறிகள்

பேச்சுக் குழறல், மனக்குழப்பம், வலிப்பு, மயக்கம் ஆகியவை வெப்பவாதத்தின் அறிகுறிகள். இது உயிருக்கு ஆபத்தானது. உடனே 108 எண்ணை அழையுங்கள். ஊர்தி வரும்வரை நிழலில் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் நீர் ஊற்றி விசிறுங்கள். நினைவிழந்தவருக்கு வாய்வழியாக எதுவும் கொடுக்காதீர்கள்.