ஜனத்தொகைக் கணக்கும் பெயர்த்தெழுதுவோர் உரிமையும்

நம்மவர் பூர்வ சரித்திரத்தை ஆராயும் அன்பர் பலர், பழைய ஜனத்தொகைக் கணக்குப் புஸ்தகங்களினின்று பக்கம் பக்கமாய்ப் பெயர்த்தெழுதி உறவினர்க்கு அனுப்பி வருவதை யாவரும் அறிவர். இம்முயற்சி பெரிதும் பாராட்டத்தக்கதே. ஆயினும் இதனால் ஒரு மனஸ்தாபம் நம்முள் முளைத்திருக்கின்றது. ஓர் அன்பர் எழுதியதை மற்றொருவர் தமது இல்லக் கலியாண மலரில் அச்சிட்டுவிட்டார். "இது என் உழைப்பு, என் சொத்து" என்பது முன்னவர் வாதம். "சர்க்கார் கணக்கு ஊர்ப்பொது" என்பது பின்னவர் வாதம். தீப்பெட்டி லேபில்களும் நாட்காட்டிப் படங்களும் அச்சிட்டு வாழும் சிவகாசிச் சீமையில், பதிப்புரிமை பற்றி இத்துணைத் தடுமாற்றம் இருப்பது வியப்பே!

முதற்கண் இக்கணக்குகள் எத்தன்மையன என்பதை அறிதல் வேண்டும். 1901-ம் வருஷக் கணக்கில் சிவகாசியையும் விருதுபட்டியையும் தேடுவோர் திருநெல்வேலி ஜில்லாவிலே பார்க்க வேண்டும். 1910-ல் இராமநாதபுரம் ஜில்லா பிரிக்கப்பட்டமையால், 1911 முதல் அவ்வூர்கள் அதன்கீழ் வரும். விருதுபட்டி விருதுநகரென வழங்கலாயது 1923-ல். நம் சமூகமோ பழைய தொகுதிகளிற் 'சாணார்' என்றே குறிக்கப்பட்டிருக்கும். நம் பெரியோர் இடைவிடாது விண்ணப்பித்ததன் பயனாக 1921-ல்தான் 'நாடார்' என்னும் பெயரை வழங்கச் சென்னை சர்க்கார் உத்தரவு செய்தது. பெயர்த்தெழுதுவோர் சிலர், பழம்பெயரைக் காண நாணி, 1891, 1901-ம் வருஷப் பக்கங்களிலும் புதுப்பெயரையே இட்டுவிடுகின்றனர். இது நம் பெரியோர் பட்ட பாட்டையே மறைப்பதாகும். உள்ளது உள்ளபடி எழுதி, வேண்டுமாயின் அடியிற் குறிப்பிடுக.

நிற்க. சட்டம் கூறுவது யாது? 1957-ம் வருஷப் பதிப்புரிமைச் சட்டப்படி, சர்க்கார் வெளியிட்ட நூலின் உரிமை சர்க்காருக்கே உரியது. வெளியான வருஷத்துக்கு அடுத்த வருஷ முதல் அறுபது வருஷம் அது நிலைக்கும். ஆகவே 1931-ம் வருஷக் கணக்கின் தொகுதிகள் எவரும் எடுத்தாளத் தக்கனவாகிவிட்டன. 1964-ல் வெளிவந்த தொகுதிக்கு 2024 டிசம்பர் 31 வரை உரிமையிருந்தது. 1971-ம் வருஷக் கணக்கின் நூல்களோ இன்னும் அவ்வெல்லைக்குள்ளேதான் இருக்கின்றன.

இனி, பெயர்த்தெழுதியவர் பங்கு. லக்ஷ்மணபுரியிலுள்ள ஈஸ்டர்ன் புக் கம்பெனியார் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டார் 12-12-2007-ல் தீர்ப்பளித்தனர். கோர்ட்டுத் தீர்ப்பின் மூல வாசகத்தை அச்சிட்டதனால் மட்டும் அது எவர்க்கும் சொந்தமாகாது. வெறும் உழைப்பும் பொருட்செலவும் உரிமையைத் தாரா. அறிவும் ஆய்வும் செலுத்திப் புதிதாய்ச் சேர்த்த தலைக்குறிப்பு முதலியனவே காக்கப்படும் என்பது அதன் சாரம். நம் அன்பர் விவகாரத்துக்கும் இதுவே வழி காட்டுமென எண்ணுகின்றோம். பழைய அட்டவணையை எழுத்துப் பிசகாமல் எழுதியது அவரது சொத்தாகாது. அதற்கு அவர் வரைந்த முகவுரையும், ஆய்ந்து சேர்த்த விளக்கங்களும் அவருடையனவே. மலரை அச்சிட்டவர் முகவுரையையும் சேர்த்தன்றோ அச்சிட்டிருக்கிறார்! அவ்வளவில் முன்னவர் குறை நியாயமானதே.

மற்றொன்று. பாட்டனார் பெயரை இத்தொகுதிகளில் தேடுவோர் ஏமாறுவர். தொகையன்றித் தனியாட்கள் பெயர் அவற்றில் இல்லை. இங்கிலாந்தில் 1921-ம் வருஷ வீட்டுத்தாள்கள் நூறாண்டு கழிந்து 2022 ஜனவரியில் வெளியிடப்பட்டன. இங்கோ 1948-ம் வருஷச் சட்டத்தின் 15-ம் பிரிவு, கணக்கெடுப்போர் எழுதிய பதிவுகளை எவரும் பார்வையிட இடந்தரவில்லை. பெயர் வேண்டுவோர் உறவின்முறை மகமை ஏடுகளையும் குலதெய்வக் கோயில் வரிக் கணக்குகளையும் நாடுக. அவை சர்க்கார் நூல்களல்ல. உயிரோடிருப்போர் வீட்டுச் செய்திகளும் அவற்றிற் கலந்திருக்கும். ஆதலின் உறவின்முறையாரின் எழுத்து மூலமான சம்மதம் பெற்ற பின்னரே அவற்றைப் பெயர்த்தெழுதிப் பிறர்க்கு அனுப்புதல் வேண்டும்.