கோலார் தங்கவயல்

கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில், பெங்களூருக்குக் கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டரில் இருக்கும் சுரங்க நகரம். 1880-களில் தொடங்கி 2001 வரை இங்கே தங்கம் வெட்டினார்கள். வெளியே வந்தது மொத்தம் சுமார் 800 டன் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மாவட்டத் தலைநகரான கோலார் சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதனால் ஊர்க்காரர்கள் 'கோலார்' என்று சொல்ல மாட்டார்கள். அவர்களுக்கு இது தங்கவயல், அவசரத்துக்குக் கே.ஜி.எஃப். 'கோலார் கோல்டு ஃபீல்ட்ஸ்' என்ற ஆங்கிலப் பெயரிலிருந்து வந்த 'வயல்' அது. நெல் வயலை நினைத்துக்கொண்டு வருபவர் பாறையையும் முட்புதரையும் பார்த்துத் திகைக்க வேண்டியதுதான்.

இந்த மண்ணில் தங்கம் இருப்பது வெள்ளைக்காரர்கள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே சுற்றுவட்டாரத்துக்குத் தெரியும். திப்பு வீழ்ந்தபின் மைசூரின் கிழக்கு எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன் 1802-இல் அதைக் கேள்விப்பட்டு, தங்கத்தைக் காட்டுபவருக்குப் பரிசு என்று அறிவித்தார். உரிகம் கிராமத்தார் வண்டி நிறைய மண்ணைக் கொண்டுவந்து அவர் கண்ணெதிரே அலசிக் காட்டினார்கள். மாரிகுப்பம் பக்கம் உள்ளூர்க்காரர்கள் வெட்டிய குழிகளும் இருந்தன. வாரன் அறிக்கை எழுதினார். அதன்பின் எழுபது ஆண்டுகள் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.

நியூசிலாந்தில் மாவோரிகளுடனான போரில் இருந்துவிட்டுப் பெங்களூரில் வந்து தங்கிய மைக்கேல் லவெல் என்ற ஐரிஷ்காரர் அந்தப் பழைய அறிக்கையைப் படித்தார். 1875-இல் மைசூர் அரசிடம் சுரங்க உரிமம் வாங்கினார். கையில் காசு போதாமல் அதைக் கைமாற்றினார். 1880-இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் நிர்வாகத்துக்கு வந்தது. அவர்களுக்கும் முதலில் கையைச் சுட்டது. பங்குதாரர் பணம் கிட்டத்தட்ட முழுதும் பாறைக்குள் போய், இழுத்து மூடிவிடலாமா என்று பேசிக்கொண்டிருந்தபோதுதான் சாம்பியன் ரீஃப் என்று பின்னால் பெயர் பெற்ற தங்கப் பாறை அகப்பட்டது. அதன்பின் மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க், பாலகாட் என்று கம்பெனிகள் வரிசை கட்டின.

ஊர் பெருத்த வேகத்தைக் குடிக்கணக்கு சொல்கிறது. 1891-இல் 7,085 பேர். பத்தே ஆண்டில், 1901-இல், 38,204 பேர். 1951-இல் 1,59,084. அந்தக் கணக்கெடுப்பின்போது மைசூர் மாநிலத்தில் பெங்களூருக்கும் மைசூருக்கும் அடுத்த பெரிய ஊர் தங்கவயல்தான். அரண்மனை, துறைமுகம், பெரிய கோயில் என்று வழக்கமாக ஊரைக் கூட்டும் எதுவும் இல்லாமல் இது நடந்தது. தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் இன்னும் வேகம்: 1886-இல் தங்கம் கிடைத்தது, பத்து ஆண்டில் ஒரு லட்சம் பேர். ஆனால் அந்த ஊர் பின்னால் வங்கி, வணிகம், தொழிற்சாலை என்று கிளை விட்டுத் தனக்கென ஒரு பிழைப்பைத் தேடிக்கொண்டது. தங்கவயலுக்குக் கடைசிவரை சுரங்கமே பிழைப்பு.

வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். வட ஆற்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்தும், தமிழும் தெலுங்கும் கலந்த சித்தூர்ப் பகுதியிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். அவர்களிலும் பெரும் பங்கினர் தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்த, நிலமில்லாத பண்ணையாட்கள். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் அந்த மாவட்டங்களை உலுக்கிப் போட்டிருந்தது. ஊரில் இருந்தால் ஆண்டையின் களத்துமேட்டில் நிற்க வேண்டும். இங்கே வந்தால் ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் இறங்க வேண்டும். இறங்குவதே மேல் என்று முடிவு செய்தார்கள். ரொக்கக் கூலி ஒரு காரணம், தெருவில் செருப்புப் போட்டு நடக்கலாம் என்பது மற்றொன்று. வருமானக் கணக்கை மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்த இரண்டாவது காரணம் தப்பிவிடுகிறது.

மேற்பார்வைக்கு இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். இத்தாலியர்களும் ஆங்கிலோ இந்தியர்களும் இருந்தார்கள். காவலுக்குப் பஞ்சாபிகள். மேட்டுப் பகுதியில் தோட்டத்தோடு பங்களாக்கள், கிளப், கோல்ஃப் மைதானம், தேவாலயங்கள். குளுகுளு காற்றும் சேர்ந்துகொள்ள, 'குட்டி இங்கிலாந்து' என்ற பட்டப்பெயர் இந்த ஊருக்கு ஒட்டிக்கொண்டது. பங்களா வாசலில் நின்று பார்த்தவர்கள் வைத்த பெயராகத்தான் இருக்க வேண்டும்.

ஏனென்றால் தொழிலாளிக்குக் கிடைத்தது தட்டி வீடு. மூங்கில் தட்டியே சுவர், மேலே ஓலையோ தகரமோ. ஒரே அறை, அதிலேயே அடுப்பு, அதிலேயே படுக்கை. ஷிப்டு முறையில் வேலை என்பதால், ஒருவர் தூங்கும் நேரத்தில் இன்னொருவர் சமைப்பார். இப்படி வரிசை வரிசையாக அடைத்துக் கட்டிய குடியிருப்புக்கு 'லைன்' என்று பெயர். இன்றும் தங்கவயலில் ஒருவரை 'எந்த லைன்?' என்றுதான் விசாரிப்பார்கள். ஆள் பிடித்து வந்த கான்ட்ராக்டரும் மேஸ்திரியும் வேலைக்கு மட்டும் எஜமானர்கள் அல்லர்; தலைக்கு மேல் கூரை இருப்பதும் இல்லாததும் அவர்கள் கையில் இருந்தது. வேலை போனால் வீடும் போகும்.

ரயில் 1894-இல் வந்தது. சென்னை-பெங்களூர்ப் பாதையில் அன்று பௌரிங்பேட்டை எனப்பட்ட பங்காருப்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் வரை பத்து மைல் கிளைப்பாதை. கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிகுப்பம் என்று நிலையங்கள். இயந்திரங்களையும் கரியையும் கொண்டுவரப் போட்ட பாதையில் மனிதர்களும் வந்து குவிந்தார்கள்.

மின்சாரத்தின் கதை இன்னும் சுவையானது. கொதிகலனுக்கு விறகு வெட்டிச் சுற்றுக் காடுகள் மொட்டையாகிக்கொண்டிருந்தன. கரியோ தொலைவிலிருந்து வர வேண்டும். மைசூர் திவானாக இருந்த சேஷாத்ரி ஐயர் காலத்தில் காவிரியின் சிவசமுத்திர அருவியில் மின் நிலையம் கட்டத் திட்டமிட்டார்கள். 1902 ஜூன் 30 அன்று அங்கிருந்து 92 மைல் கம்பி வழியாகத் தங்கவயலுக்கு மின்சாரம் பாய்ந்தது. அன்றைய உலகில் மிக நீண்ட மின்பாதைகளில் ஒன்று. பெங்களூர் வீதிகளுக்கு விளக்கு வந்தது 1905-இல்தான். மாநிலத் தலைநகரை மூன்று ஆண்டு முந்திய ஊர் என்று தங்கவயல்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். பெருமையில் பிழையில்லை. ஆனால் அந்த மின்சாரம் ஓட்டியது பாறை நொறுக்கும் ஆலைகளையும் தூக்கு இயந்திரங்களையும். தட்டி வீட்டுக்குள் பல்பு எரியப் பல பத்தாண்டுகள் பிடித்தன. குழந்தைகள் படித்தது மண்ணெண்ணெய் விளக்கில்.

தண்ணீருக்குப் பாலாற்றின் மேல்புறத்தில் உள்ள பேத்தமங்கலம் ஏரியை நாடினார்கள். அங்கே வடிகட்டிக் குழாய் வழியாகக் கொண்டுவந்தார்கள். வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று அதே ஆற்றின் கீழ்க்கரை ஊர்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள், மேல்புறத்துத் தண்ணீருக்குக் குடத்தோடு குழாயடியில் நின்றார்கள். பங்களாவுக்கு வீட்டுக்குள் குழாய். லைனுக்குப் பொதுக் குழாய்.

1898-இல் பெங்களூரைத் தாக்கிய பிளேக் இங்கும் எட்டியது. நெருக்கிக் கட்டிய குடிசைகளில் கொள்ளைநோய் புகுந்தால் சுரங்கத்துக்கு ஆள் இருக்காது என்ற அச்சம் நிர்வாகத்தை உசுப்பியது. சுகாதாரத்துக்கென்று தனி வாரியம் அமைந்தது. சுரங்க எல்லைக்கு வெளியே, நேர்த்தெருக்களும் குறுக்குத் தெருக்களுமாக ராபர்ட்சன்பேட்டை எழுந்தது. மைசூரில் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த டொனால்ட் ராபர்ட்சனின் பெயர் அதற்கு. கடைக்காரர்களும் குமாஸ்தாக்களும் வியாபாரிகளும் அங்கே குடியேறினார்கள். இன்றைக்கு ஊரின் கடைவீதி என்றால் ராபர்ட்சன்பேட்டைதான்.

தங்கவயலின் கட்டமைப்பைக் கம்பெனி போட்ட குழாயையும் கம்பியையும் மட்டும் வைத்து எழுதினால் பாதிக் கதைதான் வரும். மறுபாதிக்குச் சென்னை ராயப்பேட்டைக்குப் போக வேண்டும். அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19 அன்று அங்கிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அது 'தமிழன்' ஆயிற்று. அவர் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் கிளைகள் முளைத்தன. இதழுக்குத் தங்கவயலில் விசுவாசமான வாசகர் கூட்டம் இருந்தது. ஷிப்டு முடிந்து மேலே வந்தவர்கள் ஒருவர் வாசிக்கப் பலர் கேட்க, சாதி ஒழிப்பையும் தமிழ் பௌத்தத்தையும் பேசிக்கொண்டார்கள். 1914-இல் பண்டிதர் மறைந்தார். சில ஆண்டுகளில் இதழும் நின்றது. 1926-இல் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தவர் பண்டிதர் ஜி. அப்பாதுரையார், இம்முறை இதழ் வந்தது சாம்பியன் ரீஃபிலிருந்து. அயோத்திதாசரின் நூல்களை அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை அச்சிட்டுப் பரப்பியது. சென்னை மறந்துபோன ஒரு சிந்தனையாளரைப் பல பத்தாண்டுகள் பாதுகாத்து வைத்திருந்தது இந்தச் சுரங்க ஊர்தான் என்று சொன்னால் மிகையாகாது.

அந்தப் படிப்பு வீண்போகவில்லை. 1930-இல் தொழிலாளர் அனைவரும் கைரேகை வைத்துப் பதிவுச் சான்று வாங்க வேண்டும் என்று கம்பெனிகள் உத்தரவிட்டபோது, சுரங்கமே ஸ்தம்பிக்கும்படி வேலைநிறுத்தம் செய்தார்கள். தங்கத் திருட்டைத் தடுக்க என்பது கம்பெனி சொன்ன காரணம். எங்களைக் குற்றவாளிகளாக்குகிறீர்கள் என்பது அவர்கள் கொடுத்த பதில். 1940-களில் கம்யூனிஸ்ட் சங்கம் வலுத்தது. கூலி, பஞ்சப்படியோடு குடியிருப்பும் கோரிக்கையானது.

சுரங்கம் ஆழமாகிக்கொண்டே போனது. சாம்பியன் ரீஃப் 3,200 மீட்டரை எட்டியது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் அது ஒன்று. அந்த ஆழத்தில் பாறையைத் தொட்டால் சுடும். அழுத்தம் தாங்காமல் பாறை தானே வெடிப்பதை இங்கே 'ஏர் பிளாஸ்ட்' என்பார்கள். கீழே வெடித்தால் மேலே வீட்டில் பாத்திரம் உருளும், சுவர் விரியும். யார் ஷிப்டு என்று கணக்குப் பார்த்துக்கொண்டு பெண்கள் சுரங்க வாசலுக்கு ஓடுவார்கள். சம்பளமில்லாத இன்னொரு கூலியும் உண்டு: சிலிக்கா தூசி நெஞ்சில் படிந்து வரும் சிலிகோசிஸ்.

அதே ஆழம் அறிவியலுக்கும் உதவியது. 1965-இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பானிய, பிரிட்டிஷ் ஆய்வாளர்களும் தங்கவயலுக்கு அடியில் வளிமண்டல நியூட்ரினோவின் தடயத்தைப் பிடித்தார்கள். அதே ஆண்டில் இதே வேலையைச் செய்த இன்னொரு குழு ஜோகன்னஸ்பர்க் அருகே ஒரு தங்கச் சுரங்கத்தில் இருந்தது.

1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962-இல் அவை மத்திய அரசின் கைக்குப் போயின. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவானது. தமிழர் பெரும்பான்மையாக இருந்தும், மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது தங்கவயல் மைசூரோடு நின்றது. சட்டமன்றத்துக்கு இந்தத் தொகுதி இந்தியக் குடியரசுக் கட்சிக்காரர்களை அனுப்பியிருக்கிறது. 1989-லும் 1999-லும் அ.தி.மு.க.வையே தேர்ந்தெடுத்தது.

ஒப்பிட்டுப் பார்க்க நெய்வேலி இருக்கிறது. 1956-இல் நிலக்கரி நிறுவனம் தொடங்கியபோதே அங்கே நகரத்தையும் வரைந்துவிட்டார்கள்: வட்டம் வட்டமாகக் குடியிருப்பு, பள்ளி, மருத்துவமனை, நிழல் மரங்கள். நிலம் கொடுத்த கிராமத்தாரின் குறைகள் தனிக் கதை. ஆனால் குழாயும் விளக்கும் தொழிலாளி வீட்டுக்குள் போக வேண்டும் என்பது அங்கே தொடக்கத்திலேயே திட்டத்தில் இருந்தது. தங்கவயலில் அது கேட்டு வாங்கியது.

தாதுவில் தங்கம் குறைந்தது. ஆழத்திலிருந்து எடுக்கும் செலவு கூடியது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. ஒரு காலத்தில் 30,000 பேருக்கு மேல் வேலை பார்த்த இடத்தில் கடைசியில் சில ஆயிரம் பேரே மிஞ்சியிருந்தார்கள். நீரை இறைக்கும் பம்புகள் நின்றதும் சுரங்கத்துக்குள் தண்ணீர் ஏறியது. மண் அள்ளும் இயந்திரங்கள் செய்ய 1964-இல் தொடங்கிய பி.இ.எம்.எல். தொழிற்சாலை ஓரளவு கைகொடுத்தது. மற்றவர்கள் பெங்களூரைப் பார்த்தார்கள்.

மிஞ்சியவை லைன் வீடுகளும் 'சயனைடு மலை'களும். தங்கம் பிரித்த பிறகு கொட்டிய மண் குன்றுகள் அவை. 2018-இல் வந்த 'கே.ஜி.எஃப்.' திரைப்படத்தில் அவற்றை உலகமே பார்த்தது. காற்றுக் காலத்தில் அந்த மண் வீடுகளுக்குள் இறங்கி, சோற்றுத் தட்டிலும் படிவதைப் படம் காட்டவில்லை. தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் வீட்டைத் தங்கள் பெயருக்கு எழுதித் தரவேண்டும் என்று மூடிய நாளிலிருந்து குடும்பங்கள் கேட்டுவருகின்றன. குன்றுகளில் எஞ்சிய தங்கத்தை எடுக்க 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

பொழுது விடியுமுன் மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்கு ரயில் புறப்படுகிறது. ஆயிரக்கணக்கானோர் அதில் வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். பங்காருப்பேட்டை வரை அது ஓடுவது 1894-இன் பாதையில்.