மணலெழுத்தும் வீடியோ பாடமும்

சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டைக்குப் போயிருக்கிறீர்களா? சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டரில், கல்பாக்கத்தை அடுத்து இருக்கிறது. உள்ளே டச்சுக்காரர்களின் கல்லறைகளில் வெட்டிய எழுத்துகள் இன்றும் தெரிகின்றன. வெளியே கடற்கரை, ஈர மணலில் ஒரு குழந்தை விரலால் எழுதும், அடுத்த அலை அழித்துவிடும். கல்லெழுத்தை விட்டுவிட்டு, இந்த மணலெழுத்தின் கதையைச் சற்றுப் பார்ப்போம்.

பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கற்பிக்கும் பெற்றோர் சிலர் இன்று நம்மிடையே உண்டு. தேர்வு எழுதத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. எழுத்துப் பயிற்சிக்கோ வீடியோ பாடங்களைத் தேடுகிறார்கள். எதை வாங்குவது? கேள்வி புதிதுதான். ஆனால் ஓர் ஆசிரியரின் பாடம் பல பிள்ளைகளைச் சேர்வது எப்படி என்பது சென்னையில் 200 ஆண்டுகளுக்கு முன்பே எழுந்த கேள்வி.

நம் திண்ணைப் பள்ளியில் பிள்ளை முதலில் மணலில் எழுதினான். வாய் எழுத்தைச் சொல்லும், விரல் அதை வரையும். தவறினால் கையால் தடவி அழித்து மறுபடியும் எழுதலாம். ஓலையும் எழுத்தாணியும் பிறகுதான். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களைக் கவனித்துக்கொள்வான்.

ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ பெல் 1789இல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்குத் தலைவரானார். ஒரு நாள் வழியில் ஒரு தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டார். தம் பள்ளியிலும் அப்படியே கற்பிக்கச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியருக்கு அது பிடிக்கவில்லை, முடியாது என்றார். பெல் சளைக்கவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் அந்த வகுப்பை ஒப்படைத்தார். ஆசிரியர் முடியாது என்றதைச் சிறுவன் செய்து காட்டினான்! பெல் தாயகம் திரும்பி 1797இல் லண்டனில் இந்தச் சோதனையைப் பற்றி ஒரு நூல் வெளியிட, 'மதராஸ் முறை' பிரிட்டனெங்கும் பரவியது. சட்டாம்பிள்ளை ஏற்பாட்டைப் பெல் இங்கிருந்தே எடுத்துக்கொண்டார் என்பாரும் உண்டு. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அவரோ அது தாமே கண்டது என்று சொல்லிவந்தார்.

இந்த முறையில் ஆசிரியர் தொலைவில் இருக்கலாம். ஆனால் எழுதும் விரலுக்குப் பக்கத்தில் இன்னொரு பிள்ளை இருந்தான் என்பதைக் கவனியுங்கள்.

அடுத்து ஆசிரியர் வானத்துக்கே போய்விட்டார். 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம் அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் வழியே ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் வந்தன. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாலையில் பெரியவர்களுக்கு. தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை. நமக்கென்று கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டில்தான் தொடங்கியது. மறு ஆண்டே கொரோனாவால் பள்ளிகள் மூட, பாடம் வீட்டுக்குள் வந்தது. ஆனால் பெட்டிக்குள் இருந்த ஆசிரியருக்குப் பிள்ளையின் நோட்டு தெரியாதே! 2021 அக்டோபரில் அரசு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கித் தன்னார்வலர்களைப் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கே அனுப்பியது. சட்டாம்பிள்ளை வேறு உருவில் திரும்பி வந்தார் எனலாம்.

வீடியோவைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. 'ழ'வின் சுழியை எங்கே தொடங்கி எப்படித் திருப்புவது என்பதை எத்தனை முறை கேட்டாலும் சலிக்காமல் காட்டும், நடுவில் நிறுத்தலாம். ஆனால் குழந்தை பென்சிலைத் தவறாகப் பிடித்தாலும், கட்டுரையில் ஒரே சொல்லைப் பத்து முறை எழுதினாலும் அது பேசாமல் ஓடிக்கொண்டேயிருக்கும்.

ஆகவே பாடம் வாங்குமுன், திரையில் பேசுபவரின் சாமர்த்தியத்தை ரசிப்பதோடு நிற்காதீர்கள். ஒரே ஒரு பாடத்தை முழுதும் போட்டுப் பாருங்கள். குழந்தை எத்தனை நிமிடம் பார்க்கிறது, எத்தனை நிமிடம் எழுதுகிறது? எழுதியதைத் திருத்தி மறுபடி எழுத இடம் உண்டா? உங்களுக்கென்று, எதைப் பார்த்துத் திருத்துவது என்று சொல்லும் குறிப்பு உண்டா? இவை இல்லையென்றால் விலை மலிவாயிருந்தாலும் விட்டுவிடலாம். இருந்தால் வாங்குங்கள், வீட்டில் மூத்த பிள்ளை இருந்தால் இளையதன் பக்கத்தில் உட்காரவையுங்கள். ஃபிரிஸ்கனுக்கும் வயது எட்டுதானே!