அருணாசலக் குகைகளும் ஒரு துறவியின் தோல்விகளும்

திருவண்ணாமலையில் இரமணாசிரமம் அமைந்துள்ள மலையடிவாரத்திற்கு 1949 ஜனவரியில் பிரெஞ்சுக் குருமார் இருவர் வந்தனர். ஒருவர் குளித்தலையில் பணியாற்றிய ஜூல் மோன்ஷானின். மற்றவர் அதற்கு முந்திய ஆண்டு இந்தியா வந்த பெனடிக்ட் சபைத் துறவியாகிய ஆன்றி லெ சோ. பின்னாளில் அபிஷிக்தானந்தர் என அறியப்பட்டவர்.

பெரும் எதிர்பார்ப்போடு வந்த லெ சோவுக்கு மகரிஷியின் முதல் தரிசனம் ஏமாற்றமாகவே முடிந்தது. காய்ச்சலும் கண்டது. ஆசிரமத்தோடு பழகிய ஆங்கிலப் பெண்மணி ஒருவர், அவர் உள்ளத்தில் மிகுந்த சுமையோடு வந்துவிட்டார் என்று எடுத்துரைத்தார். தாம் கொண்டுவந்த அளவுகோலே தமக்குத் தடையாயிற்று என அவர் உணர்ந்தார். இது அவர் கற்ற முதற்பாடம் எனலாம்.

இந்திய மண்ணுக்கேற்ற பெனடிக்ட் துறவற இல்லம் ஒன்றை அமைப்பது இருவரின் நோக்கம். 1950 மார்ச் 21ஆம் நாள் காவிரிக்கரையில், தண்ணீர்ப்பள்ளியில், சச்சிதானந்த ஆசிரமம் தொடங்கப்பெற்றது. ஏப்ரல் 14ஆம் நாள் இரமணர் மறைந்தார். ஆசிரமத்திலோ நிலைத்துத் தங்கும் இந்தியத் துறவியர் கிடைக்கவில்லை. 1952 முதல் லெ சோ அருணாசலக் குகைகளில் அவ்வப்போது தங்கித் தியானித்தார். அவ்வனுபவத்திற் பிறந்த ‘குகாந்தரம்’ என்னும் கையெழுத்துப்படியை அச்சிட, 1954இல் பாரிஸ் நகரத் திருச்சபைத் தணிக்கையாளர் இசைவு மறுத்தார். அத்வைத நாட்டத்தில் அவரோடு ஒன்றிச் செல்ல இயலாதிருந்த மோன்ஷானினும் 1957இல் காலமானார்.

லெ சோ எழுதுவதை விட்டுவிடவில்லை; மறுக்கப்பட்ட வடிவத்தையே பற்றிக்கொண்டும் நிற்கவில்லை. அதே தேடலைத் திரித்துவக் கோட்பாட்டோடு பொருத்திப் புதிதாக எழுதினார். அந்நூல் 1965இல் பிரெஞ்சில் வெளிவந்து, திருத்தங்களுடன் 1974இல் ‘சச்சிதானந்தம்’ என்னும் பெயரில் ஆங்கிலத்திலும் வந்தது. 1968இல் ஆசிரமத்தைப் பீட் கிரிபித்ஸிடம் ஒப்படைத்துவிட்டு வடக்கே உத்தரகாசிக்குச் சென்றார். தாம் வளர்க்க இயலாததை மற்றொருவர் வளர்க்க இடங்கொடுத்தார், அது வளர்ந்தது. 1973இல் அவர் இந்தூரில் உயிர்நீத்தபின், ‘குகாந்தர’த்தின் பகுதிகளும் அச்சேறின.

எனினும் அவர் எல்லாவற்றையும் மறுபரிசீலனை செய்தார் எனக் கூறுவதற்கில்லை. ஆசிரம இயக்கம் உயர்சாதி மரபையே இந்திய மரபாகக் கொண்டது என்று தலித் இறையியலார் பின்னர்க் கண்டித்தனர். இவ்விடத்தில், 1921இல் யேசுதாசனும் ஃபாரஸ்டர் பேட்டனும் திருப்பத்தூரில் நிறுவிய கிறிஸ்துகுல ஆசிரமம் ஏழைகளுக்கான மருத்துவப் பணியையும் தன் வாழ்வோடு இணைத்துக்கொண்டது நினைவிற்கொள்ளத்தக்கது. வடிவத்தை மாற்ற ஆயத்தமாயிருத்தல் மட்டும் போதாது. யாருடைய வாழ்விலிருந்து அவ்வடிவத்தை எடுத்தோம் என்ற கேள்விக்கும் இடமளிக்க வேண்டும்.

ஆசியாவிலும் பித்தினியாவிலும் வழியடைக்கப்பட்ட பவுல் மக்கெதோனியாவுக்குக் கடந்து சென்றதை அப்போஸ்தலர் நடபடிகள் பதினாறாம் அதிகாரத்தில் காண்கிறோம். அடைபட்ட வழி ஒவ்வொன்றும் தேவனுடைய மறுப்பு என்றோ, திறந்த வழி ஒவ்வொன்றும் அவருடைய அழைப்பு என்றோ நாம் விரைந்து முடிவுகட்டலாகாது. நம் சபைகளில் கைவிடப்பட்ட திட்டங்களும் அச்சேறாத கையெழுத்துப்படிகளும் உண்டு. அவற்றை மூடிவைப்பதற்குமுன், அவை எதனால் தடைப்பட்டன, அவற்றை வேறெவர் கையில் ஒப்புவிக்கலாம் என்று ஆராய்வது குருமாருக்கும் இறையியல் மாணவருக்கும் உரிய கடமையாகும்.