மார்பக ஆபரேஷனுக்குப் பின் டிரெயின் டியூபோடு வீட்டில்: பராமரிப்பும் தொழுகையும்

"ஹஜ்ரத், உம்மாவுக்கு மார்புல ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தாச்சு. டியூப் ஒண்ணு தொங்குது, பாட்டில்ல ரத்தமா இறங்குது. நஜீஸைச் சுமந்துக்கிட்டுத் தொழக் கூடாதுன்னு ஒவ்வொரு வக்துக்கும் பாட்டிலைத் திறந்து ஊத்திட்டுத்தான் தொழுறாங்க. சரிதானே?"

சங்கரன்கோவிலில் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு ஒரு மகன் கேட்ட கேள்வி இது. சரியில்லை. மார்க்கம் அப்படிக் கேட்கவில்லை. மருத்துவமோ அதைத் தடுக்கிறது. பாட்டிலைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் கிருமி உள்ளே போக ஒரு வாசல் திறக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை போதும் என்ற இடத்தில் ஐந்து தடவை திறந்தால் ஆபத்துதான் கூடும். புண்ணில் சீழ் பிடித்தால் அடுத்துத் தொடங்க வேண்டிய கீமோவும் ரேடியேஷனும் தள்ளிப்போகும். இந்த நோயில் நாள் தள்ளுவது சின்ன விஷயமல்ல.

முதலில் அந்த டியூப் எதற்கு என்று தெரிந்துகொள்வோம். மார்பகத்தையும் அக்குளில் உள்ள நிணநீர்க் கட்டிகளையும் எடுத்தபின் தோலுக்கு அடியில் ஒரு வெற்றிடம் உண்டாகிறது. வெட்டுப்பட்ட நிணநீர்க் குழாய்களிலிருந்து அங்கே நீர் கசியும். அதை வெளியே இழுத்து, தோல் நெஞ்சுச் சுவரோடு ஒட்டிக்கொள்ள உதவுவதுதான் டிரெயின். மார்புக்கு ஒன்று, அக்குளுக்கு ஒன்று என இரண்டுகூட இருக்கலாம். நம் பக்கத்து மருத்துவமனைகளில் பெரும்பாலும் ஆர்மோனியத் துருத்தி போல மடிப்பு மடிப்பான டப்பா இருக்கும். சில இடங்களில் கையில் அடங்கும் ரப்பர் குமிழ் தருவார்கள். இரண்டும் ஒரே தத்துவம்: அமுக்கி மூடினால் அது விரிய முயலும், விரியும்போது நீரை இழுக்கும். அமுக்காமல் மூடிய டப்பா வெறுமனே தொங்கும், வேலை செய்யாது.

முதல் இரண்டு மூன்று நாள் இறங்குவது ரத்தச் சிவப்பாக இருக்கும். பிறகு இளஞ்சிவப்பு, அதன்பின் வைக்கோல் நிற மஞ்சள். இந்த நிறமாற்றம் நல்ல அடையாளம். அந்த நீரில் புற்றுநோய் 'இறங்குகிறது' என்று சிலர் நினைக்கிறார்கள். அது புண் ஆறும்போது ஊறும் நீர்தான். இந்த நோய் யாருக்கும் தொற்றாது. தனித் தட்டு, தனி மூலை எல்லாம் தேவையில்லை.

காலை ஒரு நேரம், மாலை ஒரு நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவிய பின், தோலுக்குப் பக்கத்தில் டியூபை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுகை விரல்களால் அழுத்தி டப்பாவை நோக்கி வழித்துவிட வேண்டும். நூல் போன்ற ரத்தக்கட்டி அடைத்திருந்தால் இதில் இறங்கிவிடும். வழித்துவிடலாமா என்பதை டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேட்டு, செவிலியர் முன்னால் ஒருமுறை செய்து பாருங்கள். பிறகு டியூபில் உள்ள கிளாம்பை மூடி, மூடியைத் திறந்து, அளவுக் கோப்பையில் ஊற்றி அளக்க வேண்டும். மூடியின் உள்பக்கத்தைத் தொடக் கூடாது. டப்பாவை அமுக்கி மூடியபின் கிளாம்பைத் திறந்துவிட வேண்டும். வீட்டில் அதிகம் நடக்கும் தவறு இந்தக் கடைசி வேலையை மறப்பதுதான். இரவெல்லாம் ஒன்றும் இறங்கவில்லை என்று மகிழ்ந்திருப்பார்கள். காலையில் அக்குள் வீங்கியிருக்கும்.

டப்பாவை எவ்வளவு அமுக்குவது என்பதையும் கேட்டு வாருங்கள். 2005-ல் டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், முழு அழுத்தம் வைத்தவர்களைவிடப் பாதி அழுத்தம் வைத்தவர்களுக்கு டிரெயினைச் சீக்கிரம் எடுக்க முடிந்தது. உங்கள் சர்ஜன் எதை விரும்புகிறாரோ அதையே செய்யுங்கள்.

அளந்ததை நோட்டில் எழுதுங்கள்: தேதி, நேரம், எத்தனை மில்லி, என்ன நிறம். இரண்டு டிரெயின் என்றால் தனித்தனியாக எழுத வேண்டும். 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே வந்து, அது தொடர்ந்து இரண்டு நாள் நீடித்தால் எடுப்பது பொதுவான வழக்கம்; சில மருத்துவர்கள் வேறு அளவு வைத்திருப்பார்கள். ஒரு வாரத்திலும் முடியலாம், மூன்று வாரமும் ஆகலாம். 'கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருக்கு' என்ற பதிலை வைத்து எந்த மருத்துவராலும் முடிவெடுக்க முடியாது.

டப்பா எப்போதும் புண்ணுக்குக் கீழே இருக்க வேண்டும். கழுத்தில் ஒரு துணிப்பையை மாட்டி அதற்குள் வைப்பது நல்லது. நெசவு ஊர்க்காரர்களுக்குப் பருத்தித் துணியா பஞ்சம்? பர்தாவுக்குள் அது தெரியாது. ஆனால் பர்தாவைக் கழற்றும்போது டியூப் சிக்கி இழுபடும்; பையை முதலில் கையில் பிடித்துக்கொண்டு பிறகு கழற்றுங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டுக்குச் செக்கப் போகிறவர்களுக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம். கிளம்புமுன் காலி செய்து அளவை எழுதிவிடுங்கள். சீட் பெல்ட்டோ, பக்கத்தில் நெருக்கி உட்காருபவரோ டியூபை அழுத்தாமல் பாருங்கள்.

இனி தொழுகை. உளூவில் கழுவும் உறுப்புகளில் மார்பு கிடையாது. ஆகவே பெரும்பாலோருக்குத் தண்ணீரால் உளூச் செய்வதில் தடையில்லை. ஊற்றிவிட ஒரு ஆள் இருந்தால் போதும். ஹனஃபி மத்ஹபில் உடலிலிருந்து ஓடும் ரத்தம் உளூவை முறிக்கும். ஆனால் ஒரு வக்து முழுவதும், உளூச் செய்து ஃபர்ளைத் தொழும் அளவுக்குக்கூட நிற்காமல் கசிந்தால் அவர் 'மஃதூர்', அதாவது சலுகைக்குரியவர். வக்து வந்தபின் ஒரு உளூ. அந்த வக்து முடியும்வரை ஃபர்ளும் நஃபிலும் தொழலாம், கசிந்துகொண்டிருந்தாலும் சரி. ஷாஃபிஈ மத்ஹபில் முன்பின் துவாரங்கள் அல்லாத இடத்து ரத்தம் உளூவை முறிக்காது. நஜீஸைச் சுமப்பது என்ற கேள்வி மட்டும் நிற்கிறது. அகற்ற முடியாத நிலையில் அப்படியே தொழ வேண்டியதுதான். பிறகு களாச் செய்ய வேண்டுமா என்பதில் விளக்கங்கள் இருப்பதால் உங்கள் மஹல்லா ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குத்துப்பட்ட உமர் (ரலி) அவர்கள் காயத்திலிருந்து ரத்தம் வழிய வழியத் தொழுதது நாம் அறிந்த செய்திதானே.

கடமையான குளிப்பு வந்தால் கட்டு இல்லாத இடங்களைக் கழுவி, கட்டின்மேல் மஸஹ் செய்யலாம். ஷாஃபிஈ மத்ஹபில் தயம்மும் சேரும். உடலில் தண்ணீரே படக் கூடாது என்று மருத்துவர் சொன்னால் தயம்மும் மட்டும். தலையில் காயம்பட்ட ஒருவரைக் குளித்தே ஆக வேண்டும் என்று தோழர்கள் சொல்லி, அவர் இறந்துபோனதும், நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்ததும் அபூதாவூதில் பதிவாகியுள்ளது. தெரியாமல் ஃபத்வா சொல்லும் உறவினர்கள் அதைப் படிக்க வேண்டும்.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. தக்பீருக்குக் கையைத் தோள்வரை உயர்த்துவது சுன்னத்துதான். வலித்தால் மறுகையை மட்டும் உயர்த்தலாம், தொழுகை கெடாது. ஸஜ்தாவில் அந்தக் கையில் பாரம் விழும், டியூபும் மடங்கும். நாற்காலியில் அமர்ந்து சைகையால் தொழலாம். அதற்காகக் கையை அசைக்காமலே வைத்திருக்கவும் கூடாது. விரலை மடக்கி நீட்டுவதும் முழங்கையை அசைப்பதும் ஆரம்பத்திலிருந்தே தேவை. தோளுக்கு மேலே தூக்குவது மட்டும் மருத்துவர் சொன்ன பிறகு.

யார் பராமரிப்பது? கணவர் செய்யலாம், செய்ய வேண்டும். மகளோ சகோதரியோ வரும்வரை டப்பா நிரம்பிக் காத்திருக்க வேண்டியதில்லை. சர்ஜன் ஆண் என்பதற்காகச் சீழை மறைப்பதும் வேண்டாம்; இது நிர்ப்பந்தம். நலம் விசாரிக்க வருகிறவர்கள் பத்து நிமிடத்தில் எழுந்தால் பெரிய உதவி. முட்டை, மீன், கோழி கூடாது என்று பத்தியம் போடுவதும் வேண்டாம். புண் ஆறப் புரதம் வேண்டும்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினால், புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவினால், நாற்றமோ சீழோ வந்தால், டப்பா சட்டென்று பச்சை ரத்தத்தால் நிறைந்தால், இறங்குவது திடீரென நின்று வீங்கினால், அமுக்கிய டப்பா உடனே விரிந்துகொண்டே இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். டியூப் உருவி வந்துவிட்டால் திரும்ப உள்ளே தள்ளாதீர்கள். சுத்தமான காஸ் துணியால் மூடிக்கொண்டு கிளம்புங்கள். ரத்தம் நிற்காமல் போனால் 108-ஐ அழையுங்கள். மஞ்சள் பூசுவது, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மாத்திரை வாங்குவது இரண்டும் வேண்டாம்.

டியூபை எடுப்பது ஓபியிலேயே சில நிமிடங்களில் முடியும். உருவும்போது சுரீரென்று இருக்கும். துவாரம் சில நாளில் மூடிக்கொள்ளும். பிறகும் அந்த இடத்தில் நீர் கோத்து வீங்கக்கூடும். மருத்துவர் ஊசியால் உறிஞ்சி எடுப்பார். சில வேளை இரண்டு மூன்று முறை தேவைப்படும். அன்றைக்கும் அந்த நோட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.