வாண்டலிசம்: ஓர் இனக்குழுவின் பெயர் குற்றத்தின் பெயரான வரலாறு

பொதுச்சொத்தையோ கலைச்சின்னத்தையோ வேண்டுமென்றே சிதைக்கும் செயலை ஐரோப்பிய மொழிகள் பலவும் 'வாண்டலிசம்' என்று வழங்குகின்றன. ஐந்தாம் நூற்றாண்டின் ஜெர்மானிய இனக்குழு ஒன்றின் பெயரிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆக்கப்பட்ட சொல் இது. அது பிறந்த சூழலை ஆராய்ந்தால், அழித்தவர் யார் என்பதைச் சுட்டியதைவிட அச்சொல் மறைத்ததே மிகுதி என்பது புலனாகும்.

வாண்டல்கள் 439இல் கார்த்தேஜைக் கைப்பற்றி வட ஆப்பிரிக்காவில் அரசமைத்தவர்கள். 455இல் அவர்களுடைய மன்னர் கைசெரிக் ரோம் நகருக்குள் புகுந்தார். பதினான்கு நாள்கள் கொள்ளை நடந்தது. அரண்மனைச் செல்வங்கள் கப்பலேறின. ஆயினும் திருத்தந்தை முதலாம் லியோவின் வேண்டுகோளை ஏற்று, தீவைப்பையும் படுகொலையையும் கைசெரிக் தவிர்த்ததாகச் சமகாலத்தவரான புரோஸ்பர் எழுதியுள்ளார். கொள்ளையிட்டவர்கள் என்பதில் ஐயமில்லை. காரணமின்றி உடைத்து மகிழ்ந்தவர்கள் என்பதற்குச் சான்று குறைவு. வாண்டல்கள் ஆரியஸின் கோட்பாட்டைப் பின்பற்றிய கிறித்தவர்கள். அவர்களைப் பற்றி நமக்குக் கிடைக்கும் செய்திகளில் பெரும்பகுதி, அக்கோட்பாட்டை எதிர்த்த திருச்சபையினர் எழுதியவை.

இப்பெயர் அரசியல் ஆயுதமானது பிரெஞ்சுப் புரட்சியின்போது. 1793இல் சான் தெனி ஆலயத்திலிருந்த மன்னர்களின் கல்லறைகளை அழிக்கும்படி தேசியப் பேரவையே ஆணையிட்டது. அதே ஆண்டு பாரிஸ் நகராட்சியின் ஆணைப்படி நோத்ரதாம் பேராலய முகப்பிலிருந்த அரசர் சிலைகள் வீழ்த்தப்பட்டன. அவை பிரான்சை ஆண்டவர்களின் உருவங்கள் எனக் கருதப்பட்டன. உண்மையில் அவை விவிலியம் கூறும் யூதேய அரசர்களின் சிலைகள். அவற்றின் தலைகளில் 21, 1977இல் பாரிஸில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தன.

1794இல் ஆயர் ஆன்றி கிரெகுவார் பேரவையில் அளித்த அறிக்கைகளின் வழியே 'வாண்டலிசம்' என்னும் சொல் பரவியது. செயலைக் கொல்வதற்காகவே சொல்லைப் படைத்ததாகப் பின்னாளில் அவர் நினைவுகூர்ந்தார். ஆகஸ்ட் 31 அன்று அவர் முதன்மையான அறிக்கையை அளித்தபோது, ரோபெஸ்பியர் வீழ்ந்து ஒரு மாதமே ஆகியிருந்தது. அவ்வறிக்கை ரோபெஸ்பியரின் அணியினர்மீதும் எதிர்ப்புரட்சிச் சதிகாரர்கள்மீதும் பழியைச் சுமத்தியது. பேரவையே இட்ட ஆணைகள் பின்னுக்குத் தள்ளப்பட்டன. முடியாட்சியை ஒழிக்க 1792இல் முன்னின்று குரல் கொடுத்தவர்களுள் கிரெகுவாரும் ஒருவர். அரசு அறிந்தே செய்த அழிப்பு, என்றோ மறைந்த ஓர் அயல் இனத்தின் காட்டுமிராண்டித்தனமாக உருமாறியது. கலைச்செல்வங்கள் நாட்டு மக்கள் அனைவருக்கும் உரியவை என்னும் கருத்து வலுப்பெற அவ்வறிக்கைகள் உதவின என்பதையும் மறுப்பதற்கில்லை.

உடைத்தவர்கள் தமக்குத் தாமே பெயர் சூட்டிக்கொண்டதும் உண்டு. 1811இல் நாட்டிங்ஹாம்ஷயரில் காலுறைத் தறிகளை உடைத்த தொழிலாளர்கள், நெட் லுட் என்னும் கற்பனைத் தலைவனின் பெயரில் எச்சரிக்கைக் கடிதங்கள் அனுப்பினர். அவர்கள் எல்லா இயந்திரங்களையும் உடைக்கவில்லை. கூலியைக் குறைத்தும் தரமற்ற காலுறைகளை உற்பத்தி செய்தும் தொழிலைக் கெடுத்த முதலாளிகளின் தறிகளையே பெரிதும் தேர்ந்தெடுத்தனர். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1812இல் தறியுடைப்புக்கு மரண தண்டனை விதித்துச் சட்டமியற்றியது. இன்றோ 'லுட்டைட்' என்பது புதிய தொழில்நுட்பத்தைக் கண்டு மிரள்பவரைக் குறிக்கும் ஏளனச் சொல்லாகச் சுருங்கிவிட்டது. கூலிக் கோரிக்கை அச்சொல்லிலிருந்து உதிர்ந்துவிட்டது.

தமிழ் நாளிதழ்களில் சிலை சிதைப்புச் செய்திகள் 'விஷமிகள்', 'மர்ம நபர்கள்', 'சமூக விரோதிகள்' என்னும் சொற்களுடனேயே வெளிவருகின்றன. இவற்றில் எதுவும் உடைத்தவரின் நோக்கத்தைக் கூறுவதில்லை. அழிப்பின் வரலாற்றை எழுதுபவர் இத்தகைய பெயர்களைச் சான்றாகக் கொள்ளலாகாது. பெயரிட்டவர் யார், எந்த நாளில் பெயரிட்டார், அதனால் எவருடைய ஆணை மறைந்தது என்னும் வினாக்களிலிருந்தே ஆய்வு தொடங்க வேண்டும்.